கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் ஊருக்கு என்ன செய்ய முடியும்?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்து வருகிறேன், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் கம்பெனிச் சட்ட வக்கீல். 11 வருடம் ஆகிறது. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஒப்பந்தம் எழுதுவது, எதிர்த்தரப்பு எழுதியதில் எங்கே குழி இருக்கிறது என்று பார்ப்பது, வாங்கப்போகும் கம்பெனியின் பத்திரம், லைசென்ஸ், வழக்கு, வரி எல்லாவற்றையும் அலசுவது, இதுதான் வேலை. கோர்ட் படி ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். "வக்கீலுங்கிற, கருப்புக் கோட்டோட ஒருநாளும் உன்னைப் பாக்கலையேப்பா" என்று இன்னும் குறைப்படுவார்.

தடைக்காலத்தில்தான் ஊருக்கு வருவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தேடி வருகிறவர்களில் சிலர் பட்டா, போலீஸ் கேஸ், இலங்கையில் பிடிபட்ட படகு என்று வருவார்கள். அதில் எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லும்போது மனசு கஷ்டப்படும். மற்றவர்கள் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். முடிந்ததைக் கொடுப்பேன். படித்த படிப்பு ஊருக்கு எதற்கும் ஆகவில்லையே என்ற எண்ணம் ரொம்ப நாள் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அது மாறியது. பாம்பன் பக்கம் மிதவையில் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. நாம் பெப்சி பாசி என்போமே, அதுதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை. குழுத் தலைவி எனக்குச் சித்தி முறை. மொத்தப் பாசியையும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். ஆங்கிலத்தில் 14 பக்கம். "எங்கெங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டுப்பா" என்றார்.

உட்கார்ந்து படித்தேன். குறித்த நாளில் குறித்த எடை வராவிட்டால் குழு அபராதம் கட்ட வேண்டும் என்று 9ஆம் பக்கத்தில் இருந்தது. தவிர்க்க முடியாத காரணங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அபராதத்துக்கு விலக்கும் கொடுத்திருந்தார்கள். பூகம்பம், போர், தொழிற்சாலை வேலைநிறுத்தம் எல்லாம் இருந்தன. கச்சான் காற்று இல்லை! கச்சான் எழும்பினால் மிதவை முறிந்து கயிற்றோடு பாசி கரையில் ஒதுங்கிக் கிடக்கும் என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எழுதியவருக்குக் கடல் தெரியாது, அவ்வளவுதான். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாட்களும், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவிக்கும் நாட்களும் கெடுவில் சேராது. கம்பெனிக்காரர்கள் ஒரே போனில் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று சித்தியின் விரல்களைப் பார்த்தேன். மிதவை வருவதற்கு முன்பு தீவோரம் முங்கிப் பாசி எடுத்தவர். துணி சுற்றிக்கொண்டு எடுத்தாலும் பாறை கிழித்துவிடும். பேங்க்கில் ரேகை மெஷின் மூன்று தடவை அவருடைய விரலை ஏற்கவில்லை. அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்தை 14 பக்கத்திலும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டார். அரை மணி நேரம் ஆனது.

கேட்க வந்தது இதுதான். உங்கள் ஊரில் டிரஸ்ட், நற்பணி மன்றம், மாலை வகுப்பு, முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்குப் பணம் தவிர என் மாதிரி ஆளிடம் என்ன வேண்டும்?

பனைக்குளம் டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதே சந்தோஷம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் சங்கம் மீனவப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. சங்கப் பதிவு 2009இல் செய்தது. ஆரம்பத்தில் இரண்டு வருடம் ராமநாதபுரம் பதிவாளர் அலுவலகத்தில் கணக்குக் கொடுத்தோம். அப்புறம் செயலாளர் வெளிநாடு போய்விட்டார், யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு மார்ச் மாதம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். பிள்ளைகள் படிப்பதைப் பார்த்தார்கள், கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பணம் தருகிறோம் என்றார்கள். பிறகு காகிதம் கேட்டார்கள். சங்கப் பதிவுப் புதுப்பிப்பு, 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு), சிஎஸ்ஆர்-1 (கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான பதிவு). என்னிடம் வருகைப் பதிவேடு மட்டும்தான் இருந்தது. அது 14 வருடத்துக்கும் ஒரு நாள் விடாமல் இருந்தது. அவர்களுக்கு அது போதவில்லை. மார்ச் 31 முடிந்தது, பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கட்டடம் வந்திருந்தால் மழை நாளில் வகுப்பை நிறுத்த வேண்டியிருக்காது. இன்றைக்கும் வாடை மழை பிடித்தால் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறேன்.

பணம் வேண்டாம் தம்பி. இந்தக் காகிதத்தை யாராவது சரி செய்து கொடுத்தால் போதும்.

ராம்நாடு ஆடிட்டர் எழுதியது:

டீச்சர் சொன்னது மாவட்டம் முழுக்க நடக்கிறது. என் மேசைக்கு வருவதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் அந்தக் கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. தாங்கள் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. நம் மாவட்டம் 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் வந்தது, அதனாலும் கம்பெனிகள் நம் பக்கம் பார்க்கின்றன.

ஆனால் 2021 ஏப்ரல் 1க்குப் பிறகு சிஎஸ்ஆர்-1 பதிவு இல்லாத அமைப்பு வழியாக அவர்கள் செலவு செய்ய முடியாது. அதற்கு 12ஏ, 80ஜி வேண்டும், மூன்று வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். (2025இல் புது வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் நாம் பழகிய பெயரிலேயே சொல்கிறேன்.) 80ஜி ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 5 வருடம்தான். முடிய 6 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

டீச்சர், உங்களிடம் 14 வருட வருகைப் பதிவேடு இருக்கிறதே, அனுபவத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. பத்திரமாக வையுங்கள். வரவு செலவுக் கணக்கை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். விட்டுப்போன வருடங்களுக்கு அபராதத்தோடு தாக்கல் செய்து சங்கத்தை உயிர்ப்பிக்கலாம்.

கீழக்கரை காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பாக எடுக்காதீர்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நாடே சொல்வது எங்கள் ஊர்க்காரரைத்தான். கொடுப்பதற்கு இங்கே யாரும் படிவம் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் 30 வருடத்துக்கு மேல் படிப்புதவி கொடுக்கிறோம். யார் கொடுத்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, யார் வாங்கினார் என்று ஊருக்குத் தெரியாது. வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஒரு தடவை ஒரு கம்பெனியின் உதவியை வாங்கினோம். 40 பிள்ளைகளுக்குப் புத்தகப் பை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பின்னால் பேனர் கட்டிப் போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு பிள்ளையின் தகப்பன் என்னோடு துபாயில் ஒரே அறையில் இருந்தவர், தொழில் நொடித்துப்போய் வந்தவர். மகளைப் பேனருக்கு முன்னால் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் சலாம் சொன்னால் பதில் வரும், அவ்வளவுதான். காகிதம் வந்தால் கூடவே இதுவும் வரும் என்பதுதான் என் பயம்.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

காக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை சட்டக் கல்லூரியில் நான் படித்தபோது இரண்டாம் வருட விடுதிக் கட்டணத்தைக் கட்டியது கீழக்கரையில் ஒரு தெருவில் இருந்த ஒரு கல்வி உதவிக் குழு. வேலைக்குப் போன பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். ஒரு நீள நோட்டைத் திறந்து காட்டினார்கள். பெயர் கிடையாது, ஒரு எண், பக்கத்தில் "சட்டம், விடுதி, 6,000", அதற்குப் பக்கத்தில் 19 வயதில் நான் போட்ட கையெழுத்து. பெரியவர் அந்தப் பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டிருந்தார். அது உங்கள் தெருவா என்று கேட்கமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

போட்டோவைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்கிறேன். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானது என்று கம்பெனியின் போர்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், அதற்கு நிதித் தலைவர் சான்று தர வேண்டும். இவ்வளவுதான் விதி. பில், பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்து இருந்தால் போதும். பிள்ளையின் முகம் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அது கம்பெனியின் விளம்பரப் பிரிவு கேட்பது. ஆகவே அதை ஒப்பந்தத்திலேயே மறுக்கலாம். பயனாளியின் முகம், பெயர், வீட்டு விலாசம் எந்த வடிவிலும் வெளியிடக்கூடாது, பேனர் வைத்து விழா நடத்தக்கூடாது, சரிபார்க்க வேண்டுமென்றால் கம்பெனியின் ஆடிட்டர் நேரில் வந்து நோட்டைப் பார்க்கலாம், நகல் எடுக்கக்கூடாது. இப்படி ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு அமைப்புகளுக்குப் போட்டுக் கொடுத்தேன், இரண்டு கம்பெனியும் ஒப்புக்கொண்டன. பெரிய கம்பெனி தன் ரகசியத்தைக் காக்க என்னிடம் 20 பக்கம் எழுதி வாங்குகிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி கேட்பதில் தப்பே இல்லை.

ராம்நாடு ஆடிட்டர் எழுதியது:

காக்காவுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதிவுள்ள அறக்கட்டளை பெயர் தெரியாத நன்கொடையை அளவுக்கு மேல் வாங்கினால், அதாவது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், 1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. கொடுத்தவர் பெயரும் விலாசமும் உங்கள் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். சுவரில் எழுத வேண்டாம், மேடையில் சொல்ல வேண்டாம், நோட்டில் இருக்கட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி விலக்குக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மண்டபம் கேம்ப் அம்மா எழுதியது:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். இந்த இழையை அவளிடம் காட்டினேன், கம்பெனி வக்கீல் ஆகப்போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இந்தத் துறையில் இல்லை. சென்னைக்கு அனுப்ப வசதியும் இல்லை. ராமநாதபுரத்தில் படித்தால் ஆகுமா?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

அக்கா, தாராளமாக ஆகும். ராமநாதபுரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017இலிருந்து இருக்கிறது, ஐந்து வருடப் படிப்பு அங்கே உண்டு. அரசுக் கட்டணம்தான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எழுதிப் பார்க்கட்டும். ஆனால் அங்கே கட்டணம் லட்சக்கணக்கில் வரும் என்பதைத் தெரிந்துகொண்டே எழுதட்டும்.

நான் பட்ட சிரமத்தையும் சொல்கிறேன். தமிழில் படித்து வந்தவன். முதல் வேலையில் 40 பக்க ஒப்பந்தத்தை அகராதி வைத்து நான்கு நாள் படித்தேன். கூட இருந்தவர்கள் நான்கு மணி நேரத்தில் முடித்தார்கள். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. வார்த்தை தெரியாமல் ஒரு வரியையும் தாண்டிப் போகமாட்டேன் என்ற பழக்கம் அப்போது வந்ததுதான், பின்னால் அதுதான் எனக்குச் சோறு போட்டது. மகளை இப்போதே வீட்டில் கிடக்கும் காகிதங்களைப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி, படகு வாங்கிய ஒப்பந்தம். யாருக்கு என்ன கடமை, தவறினால் என்ன ஆகும் என்று அவளே ஒரு தாளில் எழுதட்டும். கல்லூரியில் சேர்ந்ததும் விடுமுறைக்கு விடுமுறை இன்டர்ன்ஷிப் போகட்டும். சென்னையில் தங்க இடம் பற்றிப் பிறகு பேசலாம், என் மனைவியும் வக்கீல்தான், வீட்டில் இடம் இருக்கிறது.

அலைவாய்க்கரை எழுதியது:

நானும் நம் கடற்கரைதான், பெங்களூரில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் சம்பளத்துக்கு இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயம். பார் கவுன்சில் விதி 49படி முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஊரில் யாராவது கைதாகி ஜாமீனுக்கு அழைத்தால் நான் போய் நிற்க முடியாது. வெளியே வக்கீல் அலுவலகத்தில் இருந்தால் அந்தத் தடை இல்லை. ஆனால் இன்னொன்று செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா அளவில் அதற்குக் குழு இருக்கிறது. இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன், இதுவரை திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

சிங்கப்பூர் தேவிபட்டினம் எழுதியது:

எனக்கும் ஒரு சந்தேகம். நான் பாஸ்போர்ட் மாறி ஏழு வருடம். டீச்சரின் சங்கத்துக்கு மாதா மாதம் பணம் அனுப்பலாமா?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் சொந்தச் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் பிறந்தது தேவிபட்டினமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். தம்பி பெயருக்கு அனுப்பி அங்கிருந்து சங்கத்துக்குப் போடும் சுற்றுவழியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். மாட்டிக்கொள்வது டீச்சராக இருப்பார். நீங்கள் வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தால் அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

தொண்டிப் பக்கத்து ஆள் எழுதியது:

இவ்வளவு பேர் விவரமாகச் சொல்கிறீர்கள், எங்கள் கதையையும் சொல்கிறேன். எங்கள் இளைஞர் மன்றம் 1998இல் நூலகத்துக்கு 6 சென்ட் வாங்கியது. அப்போது மன்றம் பதிவாகவில்லை, தலைவர் பெயரில் பத்திரம் போட்டோம். தங்கமான மனிதர். அவர் இருக்கும் வரை அதில் ஒரு செங்கலுக்கும் உரிமை கொண்டாடியதில்லை. மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார். இப்போது பிள்ளைகள் அது அப்பா சொத்து என்கிறார்கள். நூலகத்துக்குள்தான் சாவு வீட்டுக்குக் கொடுக்கும் ஐஸ் பெட்டியும் நாற்காலிகளும் இருக்கின்றன. பூட்டுப் போட்டுவிட்டார்கள். போன வாரம் ஒரு சாவுக்குப் பெட்டி எடுக்க முடியாமல் திருவாடானை வரை போய் வாடகைக்கு எடுத்தோம்.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

அண்ணே, படிக்கவே வேதனையாக இருக்கிறது. என் வேலையில் ஒரு கம்பெனியை அலசும்போது முதலில் பார்ப்பதே நிலம் யார் பெயரில் என்பதைத்தான். உங்கள் ஊரில் 1998இல் ஒரு ஆள் அதைக் கேட்டிருந்தால் போதும்.

வழக்கென்று போனால் திருவாடானையில் சிவில் நடத்தும் வக்கீல்தான் சரி, நான் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தாய்ப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றிதழும் எடுங்கள். பணம் மன்றத்திலிருந்துதான் போனது என்று காட்ட ஏதாவது வேண்டும். வசூல் ரசீது, தீர்மான நோட்டு, பேங்க் புத்தகம், எதுவானாலும். நம்பிக்கைக்காக ஒருவர் பெயரில் வைத்த சொத்து என்பதைச் சட்டம் பார்க்கிறது, வேறொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டத்திலும் அதற்கு விலக்கு இருக்கிறது. அதோடு மன்றத்தை முதலில் பதிவு செய்யுங்கள், ஏழு பேர் போதும். பதிவில்லாத மன்றத்துக்கு எழுதிக் கொடு என்று யாரிடமும் கேட்க முடியாது. பிறகு பிள்ளைகளிடம் போங்கள். கோபமாகப் போக வேண்டாம். அவர்கள் மன்றத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் நூலகத்துக்கு அவர்கள் அப்பா பெயரையே வைக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த மகள்களும் சேர்த்து. மகள்களை விட்டுவிட்டுப் போட்ட பத்திரம் பின்னால் பல்லிளிக்கும்.

கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி, அந்தப் போட்டோ பத்தியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எங்கள் ஆட்களிடம் படித்துக் காட்டுகிறேன். ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பனைக்குளம் டீச்சர் எழுதியது:

ஆடிட்டர் தம்பி வந்து போனார். பழைய பொதுக்குழுக் கையெழுத்துகளுக்கு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் மலேசியா.

தொண்டிப் பக்கத்து ஆள் எழுதியது:

11 நாள் கழித்து வருகிறேன். பழைய பொருளாளர் வீட்டுப் பரணில் தீர்மான நோட்டு கிடைத்தது. 1998 ஆவணி மாதம், 43 பேர் தலைக்கு 500 கொடுத்ததாக வரிசையாகப் பெயர். கடைசியில் தலைவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், "இடம் மன்றத்துக்காக என் பெயரில் வாங்கப்படுகிறது" என்று. பெரிய மகனிடம் காட்டினேன். அப்பா கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சாவி இன்னும் தரவில்லை, ஐஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நோட்டு ஓரமெல்லாம் செல்லரித்துக் கிடக்கிறது, அந்தப் பக்கத்தை லேமினேட் போட்டு வைக்கட்டுமா?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

வேண்டாம் அண்ணே. பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம். நோட்டு முழுசாக இருக்க வேண்டும். ஒரு காட்டன் துணியில் சுற்றி, ஈரம் படாத தகரப் பெட்டியில் வையுங்கள். சனிக்கிழமை வருகிறேன், உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.